முப்பது நாள் அவகாசம்

ஜூன் 2

இன்று காலை 9.40 மணிக்கு, இரண்டாவது காப்பிக்கும் குளியலுக்கும் நடுவே, என் சமூக வலைத்தளக் கணக்கை நிரந்தரமாக நீக்கிவிடுவது என்று முடிவெடுத்தேன். வருவாய்த் துறையில் முப்பத்து நான்கு வருடம் இருந்தவன். முடிவெடுத்த நேரத்தைக் குறித்து வைப்பது பழக்கம். நகைக்கடையில் ஜனவரியில் கொடுத்த டைரி ஐந்து மாதமாகக் காலியாகக் கிடந்தது. இன்று அதற்கும் வேலை வந்தது.

மனைவி உலகம்மாளிடம் முறைப்படி அறிவித்தேன். கருவேப்பிலை உருவிக்கொண்டிருந்தவள், "கேஸு புக் பண்ணியாச்சா?" என்றாள். வரலாற்றுத் தருணங்கள் அவை நிகழும் வீட்டில் இப்படித்தான் வரவேற்கப்படுகின்றன.

தளத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. விட்டுப் பிரிந்தவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பது நாகரிகமல்ல. பிரிவதற்கான காரணங்கள்: கண் பார்வை, நேர விரயம், பீரோவில் வாசிக்காமல் கிடக்கும் புத்தகங்கள். மூன்றும் உண்மையான காரணங்கள்.

ஜூன் 3

கணக்கை நீக்கும் வழி ஏழு படி ஆழத்தில் இருக்கிறது. பட்டா மாறுதலுக்கு வருகிறவரைத் தாலுகா ஆபீசில் நாங்கள் மேஜை மேஜையாக அனுப்புவோமே, அதே முறை. ஆறாவது படியில், தற்காலிகமாக ஓய்வெடுத்துக்கொள்ளலாமே என்று தளம் கேட்டது. நிரந்தரம் என்று தொட்டேன். உங்கள் நண்பர்கள் உங்களைத் தேடுவார்கள் என்று சொல்லி ஐந்து பேரின் படங்களைக் காட்டியது. அதில் இருவர் இறந்தவர்கள். இருவருக்கும் அஞ்சலி எழுதியவன் நான்.

ஏழாவது படியில் கடவுச்சொல் கேட்டது. மறந்துவிட்டது. ஆறு இலக்க எண் ஒன்றை அனுப்புவதாகவும், அது பத்து நிமிடத்துக்குத்தான் செல்லும் என்றும் சொன்னது. அனுப்பியது என் பழைய நம்பருக்கு. அந்த சிம் உலகம்மாளின் போனில் இருக்கிறது.

"ஏங்க, என்னமோ நம்பரு வந்திருக்கு. யாருட்டயும் சொல்லக்கூடாதுன்னு போட்டிருக்கு."

"என்கிட்ட சொல்லலாம்."

"யாருட்டயும்னுதான போட்டிருக்கு?"

"அது எனக்கு வந்த நம்பர்."

"எம்போனுக்குல்லா வந்திருக்கு." கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாள். "ஆவுடையப்பன் அண்ணாச்சி விசயத்துக்காகத்தான இவ்வளவும்?"

"கண் பார்வைக்காக" என்றேன்.

ஒன்பதாவது நிமிடத்தில் எண்ணைச் சொன்னாள். புதுக் கடவுச்சொல்லை இந்த டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

எல்லாம் முடிந்த பிறகு தளம் ஒரு நிபந்தனை சொன்னது. கணக்கு இப்போதே யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் முப்பது நாள் கழித்துத்தான் அழியும். அதற்குள் ஒரே ஒரு முறை உள்ளே வந்தாலும் நீக்கம் ரத்து. நான் ஓய்வுபெற்றபோது மனம் மாறுவதற்கு அரசாங்கம் எனக்கு முப்பது நிமிடம்கூடத் தரவில்லை.

ஜூன் 5

நிம்மதியாக இருக்கிறது. மணி பார்ப்பதற்காக போனை நாற்பது தடவை எடுத்தேன்.

ஜூன் 8

கணக்கு உண்மையிலேயே மறைந்துவிட்டதா என்று சோதிக்க உள்ளே போய்ப் பார்த்தேன். "மீண்டும் வருக" என்றது. நீக்கம் ரத்தாகிவிட்டது.

ஏழு படிகளையும் மறுபடி இறங்கினேன். புதுக் கெடு ஜூலை 8. கணக்கு வெளியே தெரிந்த அந்த ஐந்து நிமிடத்துக்குள், அந்தப் பதிவுக்குக் கீழே இன்னும் எட்டுப் பேர் ஆழ்ந்த இரங்கல் தெரிவித்துவிட்டார்கள். எந்தப் பதிவு என்பது இங்கே முக்கியமில்லை.

ஜூன் 10

குற்றாலத்தில் சாரல் ஆரம்பித்துவிட்டது. இனித் தென்காசியில் வீடு வைத்திருப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் பெருகும் காலம். ராஜபாளையத்திலிருந்து உலகம்மாளின் தங்கை குடும்பம் இருபத்தைந்தாம் தேதி வருகிறது. ஆறு பேர். மாடித் தொட்டியைக் கழுவ ஆள் சொல்லிவிட்டு வந்தேன்.

மத்தியானம் சுடலைமுத்து போன் செய்தார். எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் செயலாளர்.

"அண்ணாச்சி, ஒங்க பக்கத்தக் காணுமே. எதும் கோவமா?"

"கண் பார்வை."

"நல்லவேளை, நான் அத போட்டோ பிடிச்சு வச்சுக்கிட்டேன். தலைவரப் பத்தி நீங்க எழுதின இரங்கல. சங்க மலருக்கு ஆகும்லா."

"தலைவர் உயிரோட இருக்காரு."

"இருக்கட்டும் அண்ணாச்சி. நல்லா இருக்கட்டும். எழுத்து வீணாப்போயிரக் கூடாதுல்லா?"

ஜூன் 11

இவ்வளவு தூரம் வந்தபின் எழுதிவிடுவது நல்லது. டைரியை யாரும் வாசிக்கப்போவதில்லை.

நான் அஞ்சலிக் குறிப்பு எழுதுகிறவன். ஓய்வுபெற்ற பிறகு எப்படியோ வந்து சேர்ந்த தொழில். ஆறு வருடத்தில் நூற்று அறுபத்து மூன்று பேருக்கு எழுதியிருக்கிறேன். "எங்க அப்பாக்கும் சார்தான் எழுதணும்" என்று வீட்டுக்கு வந்து கேட்டவர்கள் உண்டு. நாலாயிரத்துச் சொச்சம் நண்பர்கள் சேர்ந்தது அதனால்தான். என் குறிப்புகளின் சிறப்பு கடைசிப் பத்தி. அதில் இறந்தவரைக் கடைசியாகச் சந்தித்ததை எழுதுவேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதாவது சொல்வார். அந்தக் கையின் சூடு இன்னும் என் கையில் இருப்பதாக முடிப்பேன். வாசித்தவர்கள் அழுதேன் என்று எழுதுவார்கள். நூற்று அறுபத்து மூன்று பேரில் நான் கடைசியாகச் சந்தித்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கலாம். இதுவரை யாரும் மறுப்புத் தெரிவித்ததில்லை.

மே 24 அன்று டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பஸ் நிலையத்துக்கு எதிரே கண்ணீர் அஞ்சலி பேனர் ஒன்று. பாதியை மறைத்துக் கரும்பு ஜூஸ் வண்டி நின்றது. மிச்சப் பாதியில் ஆவுடையப்பனின் படம். கழுத்து வரைக்குமான பெரிய படம். மூக்குக்கண்ணாடி, திருநீறு, லேசான சிரிப்பு. இரண்டு அடி உயரத்துக்கு ஒரு மனிதனைக் கண்ணீர் அஞ்சலியில் பார்த்தால் யாரும் என்ன நினைப்பார்கள்? பஸ் கிளம்பிவிட்டது. அடுத்த நிறுத்தத்துக்குள் எனக்கு முதல் பத்தி வந்துவிட்டது. வீடு வந்து சேருமுன் பதிவை ஏற்றியாயிற்று. மற்றவர்கள் முந்திக்கொள்ளக்கூடும்.

பேனர் சங்கப் பொருளாளருக்கானது. இறந்தவர் படம் ஜூஸ் வண்டிக்குப் பின்னால், தபால் தலை அளவில் இருந்திருக்கிறது. ஆவுடையப்பன் துயருறுகிறவர். சங்கத் தலைவர் என்பதால் சுடலைமுத்து அவர் படத்தைப் பெரிதாகப் போட்டுவிட்டார். நம் ஊரில் செத்தவரைவிடத் துயருறுகிறவர் பெரிதாக இருப்பார் என்பது எனக்குத் தெரியாததல்ல.

அவர் தலைவரான நாளிலிருந்து நான் சங்கக் கூட்டங்களுக்குப் போவதில்லை. முழங்கால் வலி.

ஜூன் 12

தொட்டி கழுவியாயிற்று. தண்ணீர் தெளிவாக இருக்கிறது.

ஜூன் 14

நேற்றும் இன்றும் தூக்கம் சரியில்லை. பதிவின் கடைசிப் பத்தியை மனப்பாடமாகச் சொல்ல முடிகிறது. இங்கே எழுதிவிட்டால் மனதை விட்டுப் போகுமா என்று பார்க்கிறேன்.

"பிறர் செய்த பிழையைத் தன் தோளில் சுமந்து, அதற்காக வேதாரண்யம் வரை போய், ஒரு வார்த்தை பேசாதவர். சென்ற மாதம் சுரண்டையில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, 'அதையெல்லாம் நான் அன்னைக்கே மறந்துட்டேன்வே' என்றார். அந்தக் கையின் சூடு இன்னும் என் கையில் இருக்கிறது."

ஆவுடையப்பனை நான் இருபத்தாறு வருடமாக நேரில் பார்த்ததில்லை.

பதிவு போட்ட அன்றே மாலை 6.20க்கு அவரே அந்தப் பதிவின் கீழே எழுதினார். ஒரே சொல். "படித்தேன்."

அதன் பிறகும் இருநூற்றுச் சொச்சம் பேர் இரங்கல் தெரிவித்தார்கள். ஒருவர் ஆவுடையப்பனின் அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாகவே "ஈடுசெய்ய முடியாத இழப்பு சார், தைரியமாக இருங்கள்" என்று எழுதினார். மறுநாள் நான் "தகவல் பிழைக்கு வருந்துகிறேன்" என்று எழுதினேன். அதற்கும் நாற்பது பேர் ஆழ்ந்த இரங்கல் போட்டார்கள்.

பதிவை மட்டும் நீக்கினால் நீக்கியது தெரியும். கணக்கையே நீக்கினால் ஒரு மனிதர் பற்றற்றுப் போய்விட்டதாகத் தெரியும்.

ஜூன் 17

தெரியாத நம்பரிலிருந்து போன்.

"மாமா, நான் செண்பகம் பேசுதேன். ஆவுடையப்பன் மக. சுரண்டையிலேர்ந்து."

நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்த காலத்தில் அவளுக்கு ரிப்பன் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இப்போது அவளுக்கே நாற்பத்தைந்து வயது இருக்கும்.

"நீங்க எழுதினதக் காங்கலயே மாமா. அப்பாக்கு இப்பம் கண்ணு சரியாத் தெரியல. தெனம் சாயங்காலம் நாந்தான் அத வாசிச்சுக் காட்டுவேன்."

"தினமுமா?"

"தெனமும். 'பிறர் செய்த பிழை'ன்னு வருதுல்லா, அந்த எடத்த ரெண்டு தடவ வாசிக்கச் சொல்லுவாங்க. அதுக்கடுத்து ஒங்க கையப் பிடிச்சுப் பேசுனது வரும்போது மட்டும், போதும் நிறுத்துங்காங்க."

நெட் சரியில்லை, பார்க்கிறேன் என்றேன். அவள் நன்றி சொன்னாள்.

ஜூன் 18

நெட் சரியாகத்தான் இருக்கிறது.

ஜூன் 20

வருடத்துக்கு ஒரு முறை ஓய்வூதியர்கள் கருவூலத்துக்கு நேரில் போய், தாம் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். நேர்காணல் என்று பெயர். ஓய்வூதியப் புத்தகம், ஆதார், ஒரு போட்டோ, ஒரு உடம்பு. டோக்கன் 27 வாங்கிக்கொண்டு திரும்பினால் பெஞ்சில் ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் செண்பகம். டோக்கன் 24.

இளைத்திருந்தார். பேனரில் இருந்த சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"வாரும்வே" என்றார். "நான் செத்த பொறவு இப்பத்தான் ஒம்மப் பாக்கேன்."

பெஞ்சில் இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். எல்லோரும் பதிவை வாசித்தவர்கள். செண்பகம் எழுந்து எனக்கு இடம் விட்டாள்.

"உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். இரங்கல் எழுதியவன் கேட்கக் கூடாத கேள்வி.

"நெஞ்சுல வால்வு போச்சுங்கான். பாளையங்கோட்டைல ஜூலை ஒம்பதாந்தேதி ஆப்பரேசன். நீரு ரெண்டு மாசம் பொறுத்திருந்தீருன்னா சரியா இருந்திருக்கும்."

"அப்பா" என்றாள் செண்பகம்.

"நீ சும்மா இரு. நான் என் கூட்டாளிகூடப் பேசுதேன்." என் பக்கம் திரும்பினார். "ஏம்வே அத எடுத்தீரு?"

"தவறான தகவல். அதனால..."

"செத்தது தவறு. மிச்சம்?"

நான் டோக்கனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கைய நீரு எப்பம்வே பிடிச்சீரு?"

"அது... எல்லாருக்கும் எழுதுறதுதான். ஒரு வழக்கம்."

"மறந்துட்டேன்னு வேற சொல்லிருக்கேன். அதும் வழக்கமா?" குரலை உயர்த்தவில்லை. பால் கணக்கு கேட்பவர் மாதிரிக் கேட்டார். "கெடக்கட்டும். எம் பேரன், இவ மகன், பரீட்ச எழுதி தாலுகா ஆபீஸ்ல சேந்திருக்கான். நம்ம ஆபீஸ்தான். அங்க பழைய பைலு எதோ பாத்திருக்கான். வீட்டுக்கு வந்து கேக்கான், தாத்தா, நாப்பத்தோரு பேர உயிரோட கொன்னுட்டியளாமே, நெசமான்னு."

டோக்கனை இரண்டாக மடித்தேன்.

"அன்னைக்கே நான் வாயத் தொறந்திருக்கணும். தொறக்கல. இப்பம் தொறந்தா, கெழவன் கத விடுதான்பான். நீரு எழுதினா நம்புவான். அதனால அத அழிக்காதயும். திரும்பப் போடும். அந்தக் கைய எடுத்துரும். 'பிறர்'ன்னு எழுதிருக்கீருல்லா, அந்த ஒரு வார்த்தைய மட்டும் மாத்தி, அங்க ஒரு பேரு போடும்."

"யார் பேரு?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று தெரிந்தது.

செண்பகம் தரையைப் பார்த்தாள். உள்ளேயிருந்து, "ஆவுடையப்பன், ஆவுடையப்பன் யாரு?" என்று கூப்பிட்டார்கள்.

"உயிரோட இருக்கேன்யா, வாரேன்" என்று மகளின் தோளைப் பிடித்து எழுந்தார். "ஆப்பரேசனுக்கு முந்திப் போட்டுரும். அவன் வாசிச்சுட்டான்னு தெரிஞ்சுட்டு நான் போயி படுத்துக்கிடுதேன்."

"கண்டிப்பா செஞ்சிருதேன்" என்றேன். குரலில் நல்ல உறுதி இருந்தது. துணை வட்டாட்சியராக இருந்தபோது மனு கொடுக்க வருகிறவர்களிடம் இதே குரலில்தான் சொல்வேன்.

என் உயிர்ச்சான்று பதினைந்து நிமிடத்தில் முடிந்தது.

ஜூன் 21

கோப்பின் சுருக்கம். பிற்காலத்தில் எனக்கே குழப்பம் வராதிருக்க.

இருபத்தாறு வருடம் முன்பு, வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பு. தாலுகா ஆபீசில் ஆளுக்குச் சில தெருக்கள். வீடு வீடாகப் போய், இறந்தவர்களைச் சிவப்பு மையில் அடித்து, படிவத்தில் கையெழுத்திட வேண்டும். சுண்ணாம்புக்காரத் தெருவுக்குப் போனவர் தெருமுனை டீக்கடையில் விசாரித்திருக்கிறார். அந்தத் தெருவில் பழைய ஆட்கள் யாரும் இல்லை என்று டீக்கடைக்காரர் சொல்லியிருக்கிறார். அவர் அந்த ஊருக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. நாற்பத்தொரு பெயர்கள் அடிக்கப்பட்டன. கால் மணி நேர வேலை. ஒரு மனிதரை நீக்குவதற்கு ஏழு படி, ஆறு இலக்கம், முப்பது நாள் என்று எதுவும் அப்போது கிடையாது.

தேர்தலன்று நாற்பத்தொரு பேரும் வந்தார்கள். ஒரு அம்மாள் வாக்குச்சாவடியில் கேட்டாளாம், "நான் எப்பம்யா செத்தேன், எனக்கு ஆரும் சொல்லலியே" என்று. பத்திரிகையில் வந்தது. கலெக்டர் விசாரணை வைத்தார்.

படிவத்தில் இருந்தது ஆவுடையப்பனின் கையெழுத்து. அவர் அந்தத் தெருவுக்குப் போனதே இல்லை. அது இன்னொருவருக்கு ஒதுக்கிய தெரு. அந்த இன்னொருவர், அவசரமாக வெளியே போக வேண்டும், நீரு ஒரு கையெழுத்துப் போட்டுரும்வே என்று கேட்டார், இவர் போட்டார். விசாரணையில் அந்த இன்னொருவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கப்பட்டது: "இது யாருடைய கையெழுத்து?" அவர் உண்மையைச் சொன்னார்: "ஆவுடையப்பனுடையது." பொய் எதுவும் சொல்லப்படவில்லை. இதைக் குறித்து வைக்கிறேன்.

ஒன்பது மாதம் தற்காலிகப் பணிநீக்கம். பிறகு வேதாரண்யத்துக்கு மாறுதல். அங்கே இருந்தபோது அவர் தாயார் சுரண்டையில் இறந்தார். வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். பஸ் கிடைக்கவில்லை என்று கேள்வி.

ஜூன் 26

விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். நாளொன்றுக்கு மூன்று பாக்கெட் பால் கூடுதல். இன்று எல்லோரும் ஐந்தருவிக்குக் கிளம்பினார்கள். "பெரியப்பா நீங்களும் வாங்க, தண்ணி பிச்சிக்கிட்டு விழுதாம்" என்றான் கொழுந்தியாள் மகன். நான் அருவியில் குளித்து இருபத்தாறு வருடமாகிறது. சளி பிடிக்கும்.

வீட்டில் ஒரு ஆளும் இல்லாத நாலு மணி நேரம் கிடைத்தது. செய்தித்தாளை விளம்பரம் உட்பட வாசித்தேன்.

ஜூன் 30

உள்ளே போவதற்கு முன் வாசகத்தைத் தயார் செய்துகொள்வது நல்லது. அவசரத்தில் எழுதியதால்தான் இவ்வளவும்.

"பிறர் செய்த பிழை" என்பதற்கு மாற்றாகப் பரிசீலித்தவை: "சக ஊழியர் ஒருவர் செய்த பிழை." மரியாதையாக இருக்கிறது, ஆனால் பெயர் இல்லை. "நிர்வாகம் செய்த பிழை." யாருக்கும் புண்படாது. "சூழ்நிலை செய்த பிழை." கவித்துவம் உண்டு. "செய்யப்பட்ட பிழை." இதை வருவாய்த் துறையில் யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள்.

"நான் செய்த பிழை." ஓசை சரியில்லை. வாக்கியத்தின் நடை கெட்டுவிடுகிறது.

ஜூலை 2

கரண்டு பில் கட்டினேன். மாம்பழம் விலை இறங்கியிருக்கிறது.

ஜூலை 4

செண்பகம் போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. பத்து நிமிடம் கழித்து நானே கூப்பிட்டேன். அந்தப் பத்து நிமிடத்தில் சொல்ல ஒரு காரணம் யோசித்திருந்தேன். அவள் காரணமே கேட்கவில்லை.

"எட்டாந்தேதி மத்தியானம் ஆஸ்பத்திரில சேரணும் மாமா. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். அப்பா ஒங்கள அவசரப்படுத்த வேண்டாம்ன்னாங்க. எழுதுதவனுக்கு நேரம் குடுக்கணும்ங்காங்க."

"நாளைக்குப் போட்டுருதேன்."

"சரி மாமா. எம் மவன்கிட்ட அப்பா சொல்லிட்டாங்க. நீங்க ஒண்ணு எழுதப்போறிய, அத அவன் பாக்கணும்னு. அவன் ஆபீஸ்லேர்ந்து வந்தா மொத வேலயா போனத்தான் எடுத்துப் பாக்கான்."

ஜூலை 5

வெயில்.

ஜூலை 6

விருந்தாளிகள் கிளம்பினார்கள். உலகம்மாளும் அவர்களோடு ராஜபாளையம் போயிருக்கிறாள். தங்கை மகளுக்கு வளைகாப்பு. ரசம் வைத்துவிட்டுப் போயிருந்தாள். சூடு பண்ணிக்கொண்டேன்.

ஜூலை 7

நாளைக்குக் கெடு. கணக்கு அழிந்துவிட்டால் பதிவும் இல்லை, திருத்தவும் எதுவும் இல்லை. மாலை ஐந்தரைக்குக் குளித்து, திருநீறு பூசி, போனை எடுத்து உட்கார்ந்தேன். டைரியின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக் கடவுச்சொல்லைப் போட்டேன். ரொம்ப நாளாக வரவில்லை என்பதால் நீங்கள்தான் என்று உறுதி செய்ய வேண்டும் என்றது. எண் உலகம்மாளின் போனுக்குப் போயிருந்தது. அவளைக் கூப்பிட்டேன். பின்னால் வளையல் சத்தமும் பெண்கள் சிரிப்பும் கேட்டன.

"ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லு."

"இருங்க, கண்ணாடி எடுக்கேன்." சத்தம் குறைந்தது. அறைக்குள் போயிருப்பாள். "ஏழு. ரெண்டு. ரெண்டு. ஒம்பது. நாலு. ஒண்ணு. எழுதிட்டியளா?"

"எழுதிட்டேன்." இந்தப் பக்கத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறேன். 722941.

"திரும்ப உள்ள போறியளா?"

"ஒரு சின்னத் திருத்தம். ஆவுடையப்பன் கேட்டாரு. பழைய விஷயம், உனக்குத் தெரியாது."

கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"ஏன் தெரியாது" என்றாள். "அந்தப் பட்டியல் வேலைன்னு போன அன்னைக்கு ஈரத் தலையோட வந்திய. ஐந்தருவில நல்ல தண்ணின்னு சொன்னிய. ஈரத் துண்டக் கொடில காயப்போட்டது நாந்தான."

ஓரத்தில் எழுதிய எண்ணுக்குக் கீழே கோடு போட்டேன்.

"அவுக சஸ்பெண்டு ஆன அன்னைக்கு அவுக வீட்டு அக்கா நம்ம வீட்டு வாசல்ல வந்து நின்னு அழுதா. நான் ரெண்டு இட்லி கொண்டுபோயிக் குடுத்தேன். வேற என்ன குடுக்க முடியும் என்னால?" வெளியிலிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "வாரேன், வாரேன். ஏங்க, நம்பரப் போட்டியளா?"

"போடுறேன்."

"பத்து நிமிசம்தான் செல்லும்னு அன்னைக்குச் சொன்னிய."

போனை வைத்தாள். மணி 5.52. எண் 5.57 வரை செல்லும்.

ஜூலை 8

காலை 6.10க்கு உள்ளே போக முயன்றேன். அப்படி ஒரு கணக்கு இல்லை என்று வந்தது.

ஜூலை 9

ஆவுடையப்பனுக்கு இன்று அறுவை சிகிச்சை. செண்பகம் இரண்டு முறை கூப்பிட்டிருந்தாள். போன் சார்ஜில் இருந்தது.

ஜூலை 11

உலகம்மாள் ஊரிலிருந்து வந்தாள். எதுவும் கேட்கவில்லை. துணி துவைத்தாள். கொடியில் என் துண்டைக் காயப்போட்டாள்.

ஜூலை 12

நேற்று மாலை பாளையங்கோட்டையில் ஆவுடையப்பன் காலமானார். வயது எழுபத்தொன்று. காலையில் சுடலைமுத்து போன் செய்தார். இந்த முறை உறுதியான தகவல்.

"அண்ணாச்சி, நீங்கதான் எழுதணும்."

"கணக்கு இல்லையே."

"அதுக்கென்ன, அன்னைக்கு எழுதினது ஏங்கிட்ட இருக்குல்லா. அச்சு அசலா இருக்கு. குரூப்புல போட்டுட்டேன். குடும்பத்துக்கும் அனுப்பியாச்சு. பேரப்பிள்ள, அதான் தாலுகா ஆபீஸ்ல இருக்காம்லா, அவன் கேட்டு வாங்கிக்கிட்டான்." சுடலைமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டார். "பேனருக்கு ஒரு வரி வேணும். 'பிறர் செய்த பிழையை'ன்னு ஆரம்பிக்கதப் போடவா, தலைவர் ஒங்க கையப் பிடிச்சுச் சொன்னதப் போடவா? ஒண்ணுக்குத்தான் எடம் இருக்கு. நீங்க சொல்லுங்க."

உலகம்மாள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"உங்க இஷ்டம்" என்றேன்.

ஜூலை 13

பேனர் பஸ் நிலையத்துக்கு எதிரே, அதே இடத்தில் வைத்திருக்கிறார்கள். எட்டடிக்கு ஆறடி. ஜூஸ் வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். ஆவுடையப்பன் படத்தின் கீழே, மேற்கோள் குறிக்குள், "அதையெல்லாம் நான் அன்னைக்கே மறந்துட்டேன்வே." துயருறுகிறவர்கள் வரிசையில் என் படம் இடமிருந்து இரண்டாவது.